காயா மரம்: வெட்டினால் துளிர்க்கும், தோண்டினால் போய்விடும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பம் சந்திப்பில் மேற்கே திரும்பினால் சிங்கிரிகுடி. அங்கே நரசிம்மரைச் சேவிக்கப் போகிறவர்களுக்குக் காயாம்பூ வண்ணன் என்ற பெயர் புதிதல்ல. அந்தக் காயாம்பூவைப் பார்த்ததுண்டா என்று கேட்டால்தான் உதட்டைப் பிதுக்குவார்கள். குற்றம் அவர்கள்மேல் இல்லை. கடலூர்ச் சாலையின் இருபுறமும் மனைகள் பெருகிவிட்டன. இந்த மரத்தைக் காண இன்று கோயில்காட்டுக்குத்தான் போக வேண்டும்.

காயாவைக் காசா என்றும் சொல்வார்கள். தாவரவியலில் மெமிசிலான் அம்பெல்லாட்டம். பெரும்பாலும் புதராகவே நிற்கும். விட்டுவைத்தால் சிறு மரமாகும். இலை தடித்துப் பளபளக்கும். பூக்கள் கிளை நுனிக்குப் போவதில்லை, பழைய கிளையின் கணுக்களிலேயே கொத்துக்கொத்தாக வெடிக்கும். ஒவ்வொரு பூவிலும் நான்கு இதழ், எட்டு மகரந்தத்தாள். நீலமா, ஊதாவா என்று சொல்ல முடியாத நிறம். மயிலின் கழுத்தைச் சொன்ன சங்கப் புலவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சில நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும்.

இதன் வீடு, கோரமண்டல் கரையின் உலர் பசுமைமாறாக் காடு. இந்தியக் காடுகளை 1968இல் வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் இதற்குத் தனி வகையே கொடுத்தார்கள். பெயரே முரண்தான்: ஆண்டில் பாதிக்கு மேல் வறட்சி, ஆனாலும் இலை உதிராது. மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வரும் மாதங்களைத் தடித்த இலையும் ஆழ்ந்த வேரும் கொண்டு காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை போன்றவை கடத்துகின்றன.

அந்தக் காட்டில் மிஞ்சியது அய்யனாருக்கும் அம்மனுக்கும் விட்ட துண்டுகள்தான். மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்காடு அவற்றில் பெயர்பெற்றது. அங்கே காயாவின் ஆட்சிதான். தெற்கே கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழியிலும் குழந்தைக்குப்பத்திலும் இருக்கும் துண்டுக்காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதி குழுவினர் மரம் மரமாக அளந்து 1997இல் பதிவு செய்தார்கள்.

சாமி பயம் மட்டும் காயாவைக் காக்கவில்லை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து பல தண்டாகக் கிளம்பும் குணம் அதற்கு உண்டு. தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டியும் அழியாததற்கு அதுவே காரணம். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் கட்டை இரும்பாக இருக்கும்.

சாயக்காரர்களுக்கும் இது வேண்டிய மரம். காயா மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். துணியில் சாயம் பிடிக்கப் படிகாரம் போடுகிறோமே, அதில் வேலை செய்வதும் அலுமினியம்தான். கோரமண்டல் சாயத்தொட்டிகளில் சாயவேரோடு காசா இலையும் விழுந்தது. வேதியியல் படிக்காத கைகள் கண்ட கணக்கு இது; இந்த மரத்தில் பூவைவிட எனக்கு வியப்பு இதுதான்.

கோடரிக்குத் தாக்குப்பிடித்த மரம் மண்வாரி இயந்திரத்துக்குத் தாங்காது. வேரோடு பெயர்த்தால் துளிர்க்க அடிக்கட்டை ஏது? முந்திரிக்கும் சவுக்குக்கும் காடு திருத்தியபோது பெரும்பகுதி போனது. மீதிக்கு இன்று மனைப்பிரிவு. கோயில்காட்டுக்குள்ளும் நல்லெண்ணத்தோடு ஆபத்து வருகிறது. வாகனம் நிறுத்த இடம், சிமெண்டுத் தளம், 'சுத்தம்' என்று புதரைச் செதுக்குவது. செதுக்கும் புதரில்தான் அடுத்த தலைமுறைக் கன்று இருக்கிறது.

திரும்ப வளர்க்க முடியாததல்ல. செம்மண் வெட்டவெளியாகக் கிடந்த ஆரோவில்லில் முதலில் ஆஸ்திரேலிய வேல மரங்கள் நிழல் கொடுத்தன; அந்த நிழலில் நாட்டு மரங்களை வைத்தார்கள். பிச்சாண்டிக்குளம் காட்டில் காயாவைப் பார்க்கலாம். வீட்டில் வைக்க விரும்புவோர் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையைக் காயவிடாமல் உடனே விதைப்பது நல்லது. கன்றை அரைநிழலில், வடகிழக்கு மழை தொடங்கும்போது நடலாம். வேலிக்கு இட்லிப்பூ வைக்கும் இடத்தில் இதுவும் நிற்கும், கத்தரித்தாலும் கோபிக்காது. அடுத்த ஆண்டே பூ வேண்டும் என்பவர்கள் மட்டும் இட்லிப்பூவோடு இருந்துகொள்ளலாம்.