மெய், பொய், அரைப்பேர்: சி மொழியின் பூலியன் வகையும் பழைய தொகுப்பான்களும்

ஒரு மொழியில் வழங்கும் சொற்களை, அவற்றை ஆக்கி ஆண்ட மக்களின் உழைப்பு வரலாற்றினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. இயற்கை மொழிகளைப் பொறுத்தவரை ஆய்வாளர் பலரும் ஏற்றுக்கொண்ட இவ்வுண்மை, கணினிக்கென ஆக்கப்பட்ட செயற்கை மொழிகளுக்கும் பொருந்துவதாகும். கூலிக்கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் செய்நிரல்களாலே கணிக்கப்படும் இக்காலத்தில், அச்செய்நிரல்கள் ‘ஆம்’, ‘அன்று’ என்னும் இரு விடைகளை எவ்வாறு குறிக்கின்றன என்பது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று. சி மொழியில் இவ்வினாவிற்கு நேர்ந்த கதியை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

மெய், பொய் என்னும் இரு பெறுமானங்களை அட்சரகணித முறையிற் கையாளும் நெறியை ஜோர்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்தார். ‘பூலியன்’ என்னும் பெயர் அவரால் வந்தது. அல்கோல் 60 மொழி இதற்கெனத் தனித் தரவு வகையொன்றைக் கொண்டிருந்தது. ஆயின் 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் அத்தகைய வகை இடம்பெறவில்லை. அதன் முன்னோடிகளான பிசிபிஎல், பி ஆகிய மொழிகள் தரவு வகை வேறுபாடே அறியாதன. யாவும் அவற்றுக்கு இயந்திரச் சொற்களே. அம்மரபின் வழிவந்த சி, பூச்சியம் பொய்யெனவும் பூச்சியமல்லாதது எதுவும் மெய்யெனவும் கொண்டது. அதாவது, பொய்க்கு ஒரே உருவமும் மெய்க்குப் பல உருவங்களும் அமைந்தன. இவ்வேறுபாடே பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கு மூலமாகும்.

மொழி தராத பெயரை நிரலாளர் தாமே ஆக்கிக்கொண்டனர். விண்டோஸ், எக்ஸ் விண்டோ, ஜிலிப் ஆகியன தத்தமக்கெனப் பூலியன் பெயர்களைக் கொண்டன. இவை மூன்றும் உண்மையில் நிறைவெண் வகைக்கு இட்ட மாற்றுப் பெயர்களே. நினைவகத்தைச் சிக்கனப்படுத்த விரும்பியோர் ஒரு பைற்று அளவேயுள்ள எழுத்துரு வகைக்கு அதே பெயரை இட்டனர். 1989இல் அமெரிக்கத் தரமும் 1990இல் சர்வதேசத் தரமும் வந்தபோதும் இக்குறை நீங்கவில்லை.

இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. அப்பாச்சி மென்பொருள் நிறுவனத்தின் திட்டமாக, இலங்கை நிரலாளர் பெரும்பங்காற்றி உருவாக்கிய அக்சிஸ்2/சி என்னும் வலைச்சேவை மென்பொருளின் 1.0 பதிப்பு 2007இல் வெளிவந்தது. அது தன் பெயரை முன்னொட்டாகக் கொண்ட பூலியன் வகையொன்றை வரையறுத்தது. அதுவும் நிறைவெண்ணே, மெய் 1, பொய் 0. சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் பூலியன் வகையை ஏற்று எட்டாண்டுகள் சென்ற பின்னரும் இவ்வாறு செய்ய நேர்ந்ததேன் எனலாம். அம்மென்பொருள் லினக்ஸில் மட்டுமன்றி விண்டோஸிலும் இயங்க வேண்டியிருந்தது. மைக்ரோசொஃப்டின் சி தொகுப்பானோ அத்தரத்தின் பூலியன் வகையை 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் ஏற்றது. தரம் எழுதப்படும் காலமும் அது நடைமுறையில் எல்லோர் கைக்கும் எட்டும் காலமும் வேறு வேறு என்பதையே இது காட்டுகிறது.

1999ஆம் ஆண்டுத் தரம் இவ்வகைக்கு இட்ட பெயர் கருதத்தக்கது. ‘பூல்’ என்னும் எளிய பெயரை அது நேரே கைக்கொள்ளவில்லை. அடிக்கோட்டில் தொடங்கி அடுத்துப் பெரிய எழுத்து வரும் பெயரொன்றை வைத்தது. எளிய பெயரை வேண்டுவோர் தனியொரு தலைப்புக் கோப்பினைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. எளிய பெயரை ஏற்கெனவே எண்ணற்ற செய்நிரல்கள் தம் விருப்பப்படி பயன்படுத்தியிருந்தமையே காரணம். மொழி அதனைக் கைப்பற்றியிருப்பின் அவை யாவும் பழுதாகியிருக்கும். சேர்ந்து குவிந்த கடந்தகால உழைப்பு நிகழ்கால மாற்றத்தின் வடிவத்தைக் கட்டுப்படுத்துவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது.

எனினும் பெயர் ஒன்றாதல் பொருள் ஒன்றாதலன்று. பழைய தொகுப்பானில் நிறைவெண்ணுக்கு இட்ட ‘பூல்’ என்னும் பெயரும், புதிய தொகுப்பானின் உண்மையான பூலியனும் உருவத்தில் ஒத்திருந்தும் உள்ளடக்கத்தில் வேறுபடுகின்றன. இதனை நம் சூழலிலிருந்தே விளக்கலாம்.

ஹுன்னஸ்கிரியவை அண்டிய மலைச்சரிவுகளிலும் ஏனைய மலையகத் தோட்டங்களிலும் ‘பேர் போடுதல்’ என்பது ஒருநாள் உழைப்பைப் பதிவுசெய்தலைக் குறிக்கும். நிர்ணயித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ விழும். இப்பதிவைக் கணினியில் ஏற்றும் ஒருவர், முழுப்பேருக்கு 1, அரைப்பேருக்கு 0.5, வராதவருக்கு 0 எனக் குறித்து, அப்பெறுமானத்தை ‘வேலைக்கு வந்தாரா’ என்னும் பூலியன் மாறியில் இடுவதாகக் கொள்வோம். உண்மையான பூலியன் வகை, பூச்சியத்துக்குச் சமமல்லாத எதனையும் 1 ஆக்கும். எனவே அரைப்பேர் பெற்றவர் வந்தவராவார். நிறைவெண்ணுக்கு இட்ட மாற்றுப் பெயரோ தசமப் பகுதியை வெட்டியெறியும், 0.5 பூச்சியமாகும், மலையேறிக் கொழுந்து பறித்தவர் வராதவராவார். செய்நிரலில் ஓரெழுத்தும் மாறவில்லை. தொகுப்பான் மட்டுமே மாறியது. பல தொகுப்பான்கள் வழக்கமான நிலையில் எச்சரிக்கையும் தருவதில்லை. வருகை நாள்களைக் கொண்டு ஏதேனுமொரு கொடுப்பனவு தீர்மானிக்கப்படுமாயின், இழப்பு யார் தலையில் விழும் என்பதைக் கூற வேண்டியதில்லை.

எழுத்துரு வகைக்கு இட்ட பெயரில் வேறொரு பழுதுண்டு. எட்டு பிற்றுக்களில் 255 வரையிலான எண்களே அடங்கும். ஆதலின் ஒரு சோதனையின் விடை 256 என வருமாயின், அது மெய்யாயிருந்தும் சேமிக்கப்படுகையில் பூச்சியமாகிவிடும்.

இவற்றினின்றும் சில நடைமுறை நெறிகளை வகுக்கலாம். முதலாவது, வரையறையைச் செய்நிரலெங்கும் சிதறவிடாது ஒரே தலைப்புக் கோப்பில் வைத்தல். தொகுப்பான் அறிவிக்கும் தரப் பதிப்பெண் 199901 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் மொழியின் வகையை ஏற்கவும், அன்றேல் நிறைவெண்ணைக் கொள்ளவும் அங்கு நிபந்தனை எழுதலாம். இரண்டாவது, அவ்வகைக்குத் திட்டத்தின் முன்னொட்டுடைய தனிப்பெயரை இடுதல். மூன்றாவது, ஒரு பெறுமானத்தைப் பூலியன் மாறியில் இடுமுன் ‘பூச்சியத்துக்குச் சமமன்று’ என்னும் ஒப்பீட்டை வெளிப்படையாக எழுதுதல். ஒப்பீட்டின் விடை பழைய தொகுப்பானாயினும் புதியதாயினும் 0 அல்லது 1 மட்டுமே. ஆகவே மேற்காட்டிய இரு பழுதுகளும் இவ்வொன்றினாலேயே நீங்கும். நான்காவது, ஒரு விடை மெய்யா என அறிய அதனை 1 உடன் ஒப்பிடாதிருத்தல். எழுத்தா என்று சோதிக்கும் நூலகச் செயற்கூறு போன்றவை மெய்யெனில் பூச்சியமல்லாத எந்த எண்ணையும் தரலாம். ஐந்தாவது, கோப்புகளிலும் நூலக எல்லைகளிலும் பூலியனை அவ்வாறே வைக்காது அளவு குறித்த வகையை வைத்தல். நிறைவெண் பெரும்பாலும் நான்கு பைற்று. உண்மைப் பூலியன் பெரும்பாலும் ஒன்று. ஒரு தொகுப்பான் எழுதியதை மற்றொன்று பிழையாக வாசிக்க இவ்வேறுபாடு போதும்.

2024இல் வெளியான சி23 தரம் ‘பூல்’, ‘மெய்’, ‘பொய்’ ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை மொழியின் சொந்தச் சொற்களாகவே ஆக்கிவிட்டது. 2025இல் வந்த ஜிசிசி 15 அத்தரத்தை இயல்பு நிலையாகக் கொண்டமையால், ‘பூல்’ என்னும் பெயரைத் தாமே வரையறுத்திருந்த பழைய செய்நிரல்கள் தொகுக்கப்படாது நின்றன. முன்னொட்டுடன் தனிப்பெயர் சூட்டியவை இவ்விடரினின்றும் தப்பின. மாற்றத்துக்கு எதிர்வரும் காலமும் கடந்த காலமும் சேர்ந்தே விலை கேட்கின்றன.

ஆயினும் நெறிகள் யாவற்றையும் பின்பற்றிய பின்னும் ஒன்று எஞ்சுகின்றது. ஒப்பீட்டைச் சரிவர எழுதினால் அரைப்பேர் பெற்றவர் வந்தவராகக் கணிக்கப்படுவார். அவருக்கு அரைநாள் மட்டுமே தரப்பட்டது என்பதோ அம்மாறியில் இல்லை. ‘வந்தாரா’ என்பதற்குப் பூலியன் போதும். ‘எவ்வளவு பெற்றார்’ என்பதற்குப் போதாது. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட பிழை தொகுப்பானுடையதன்று. எந்த வினா ஆம்-அன்று என்னும் இரண்டில் அடங்கும், எது அடங்காது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானம் எவர் நலன்கருதி எடுக்கப்பட்டது எனக் கேட்கும் பொறுப்பு, செய்நிரலை எழுதுவோருக்கு உள்ளது போலவே அதன் விடைகளால் வாழ்வு கணிக்கப்படும் அனைவர்க்கும் உள்ளது.