கீழ்வீட்டில் முதலில் விழும் விக்கெட்

2025 ஜூன் 3 இரவு, அகமதாபாதில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி. பதினேழு சீசன் வெறுங்கையோடு திரும்பிய பெங்களூரு அணி பதினெட்டாவதில் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கடைசி ஓவரில் பஞ்சாபுக்கு 29 ரன் வேண்டும். ஹேசல்வுட் போட்ட முதல் பந்தில் ரன் இல்லை. பெங்களூர் அல்சூரில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மாடிவீட்டுப் பையன் வாசலில் நின்றான்.

"அங்கிள், ப்ளீஸ், கத்தாதீங்க. எங்களுக்கு இன்னும் பந்தே போடல."

அவர்கள் வீட்டில் ஆட்டம் ஓடுவது ஆப்பில், இன்டர்நெட் வழியாக. எங்களுடையது மொட்டைமாடி டிஷ்ஷும் டி.வி.க்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் செட்-டாப் பாக்ஸும். இந்தக் காலத்தில் யாராவது டிஷ் வைத்திருப்பார்களா என்று பையன் என்னைக் கிண்டல் செய்வது வழக்கம். அன்றைக்குச் செய்யவில்லை.

கணக்குப் போட்டால் அவன்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்கு வரும் படம் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி மறுபடி இறங்குகிறது. ஏற 36,000 கிலோமீட்டர், இறங்க 36,000. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் அலைக்கே அதற்குக் கால் நொடி பிடிக்கும். மாடிவீட்டுக்கு வருவது மண்ணுக்கடியில் கண்ணாடி இழை வழியாக. அகமதாபாதிலிருந்து பெங்களூர் நேர்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். இழைக்குள் ஒளி கொஞ்சம் நிதானமாக, நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்குதான். ஆனாலும் அவன் அரை நிமிஷம் பின்னால் இருக்கிறான். அந்த அரை நிமிஷம் எங்கே போயிற்று?

முதலில் வானத்துப் பக்கம். அல்சூரில் எந்த மொட்டைமாடியில் ஏறினாலும் டிஷ்கள் எல்லாம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவே ஒரே பக்கமாக முகம் தூக்கி நிற்கும், கோபுர தரிசனத்துக்கு நிற்கும் கூட்டம் மாதிரி. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் சுற்றும் செயற்கைக்கோள் பூமி சுழலும் கணக்கிலேயே சுற்றுவதால், நமக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும். என் டிஷ் எதைப் பார்க்கிறது என்று சொன்னால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும், அதனால் பொதுவாக ஒன்றைச் சொல்கிறேன். டிஷ் வழியாக டி.வி. தரும் டி.டி.எச். கம்பெனியான டாடா பிளேக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விடப்பட்ட ஜிசாட்-24, 4,180 கிலோ எடை, வந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் 24. 2022 ஜூனில் ஃபிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஏறியது. செய்தது இஸ்ரோ. இஸ்ரோவின் செயற்கைக்கோள் மையம் பழைய ஏர்போர்ட் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். மேலே போனதும் நிலை தவறாமல் பார்த்துக்கொள்வது ஹாசனில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையம்.

ஒரு வேடிக்கை. வானத்திலிருந்து நேராக டி.வி. பார்க்கும் யோகம் இந்த ராக்கெட் ஊருக்கு முன்பே கர்நாடகத்தின் கிராமங்களுக்கு வாய்த்தது. 1975 ஆகஸ்டிலிருந்து 1976 ஜூலை வரை நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பினார்கள். ராய்ச்சூர், குல்பர்கா, பிஜாப்பூர் பக்கத்து ஊர்களும் அதில் உண்டு. ஆன்டெனா என்பது கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையை வளைத்துச் செய்த மூன்று மீட்டர் குடை. பெங்களூரில் தூர்தர்ஷன் வந்ததே 1981இல்தான்.

அந்தக் கம்பிவலைக் காலத்திலிருந்து இன்றுவரை மாறாத குணம் ஒன்று உண்டு. செயற்கைக்கோளுக்கு யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாது. மழை மாதிரி எல்லார் தலையிலும் கொட்டுகிறது, பாத்திரம் வைத்தவன் பிடித்துக்கொள்கிறான். நம் பாக்ஸால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாது. இது உறைத்தது ஒருமுறை ரீசார்ஜ் செய்தும் படம் வராமல் உட்கார்ந்திருந்தபோதுதான். கஸ்டமர் கேரில், "பாக்ஸை ஆன் பண்ணியே வைங்க சார், அரை மணி நேரம்" என்றார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. இல்லை. 'இந்த நம்பர் கார்டுக்கு இந்தச் சேனல்களைத் திறந்துவிடு' என்ற உத்தரவு எனக்கென்று தனிக் கம்பியில் வருவதில்லை. அதுவும் வானத்துக்குப் போய், படத்தோடு படமாக நாடு முழுக்கப் பொழிகிறது. காஷ்மீரில் இருக்கும் பாக்ஸும் கன்னியாகுமரியில் இருக்கும் பாக்ஸும் அதைக் கேட்டு, தன் நம்பர் இல்லை என்று விட்டுவிடும். என்னுடையது மட்டும் பிடித்துக்கொள்ளும். அது கேட்டதா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது என்பதால் உத்தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பாக்ஸ் அணைந்திருந்தால் காதில் விழாது. நான் கட்டிய பணம் இமயமலைமேல் எல்லாம் விழுந்துவிட்டு அல்சூருக்கு வருகிறது.

திருப்பிக் கேட்க முடியாதவனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வழியில் ஏதாவது சிதைந்தால் 'மறுபடி சொல்' என்று கேட்க வழியில்லை. ஆகவே முன்கூட்டியே கொசுறு போட்டு அனுப்புகிறார்கள். படமும் ஒலியும் 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகும். முதல் தலைமுறை டி.டி.எச்.சில் ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் உபரி. அந்தப் பதினாறைக் கொண்டு, எட்டு பைட் வரை எது கெட்டிருந்தாலும் பாக்ஸ் தானே கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். பிறகு வந்த முறையில் இருக்கும் கணக்கு இன்னும் கெட்டி. ராபர்ட் கேலகர் என்ற அமெரிக்கர் 1960இல் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக எழுதியது அது. அன்றைய கம்ப்யூட்டர்களால் தூக்க முடியாத பாரம் என்று பல பத்தாண்டு அலமாரியில் கிடந்தது. இப்போது அதை என் டி.வி.க்குக் கீழே ஒரு டப்பா நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறது.

கொசுறுக்கும் எல்லை உண்டு. ஏப்ரல், மே சாயங்காலங்களில் பெங்களூரில் இடி மின்னலோடு ஒரு மழை கொட்டுமே, அப்போது தெரியும். டி.டி.எச். அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெருமழையில் துளிகள் அதை விழுங்கிச் சிதறடித்துவிடும். பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் எள்ளு தூவின மாதிரி புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். இப்போது கடைசிவரை துல்லியமாக இருக்கும் படம் திடீரென்று கட்டம் கட்டமாக உடையும், கதாநாயகியின் கன்னம் நெற்றிக்குப் போகும், பிறகு ஒரே கருப்பு. திருத்த முடிகிறவரை முழுதாகத் திருத்தும், முடியாவிட்டால் ஒன்றுமே இல்லை.

மாடிவீட்டில் நடப்பது நேர்மாறு. அங்கே எதுவும் தானாகப் பொழிவதில்லை, எல்லாம் கேட்டு வாங்குவது. மைதானத்திலிருந்து வரும் படத்தைத் தெளிவானது, சுமாரானது, மங்கலானது என்று பல தரங்களில் ஒரே சமயத்தில் சமைக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு நொடி, நாலு நொடி, ஆறு நொடித் துண்டுகளாக வெட்டித் தனித்தனிக் கோப்பாக வைக்கிறார்கள். 2009இல் ஆப்பிள் கம்பெனி கொண்டுவந்த முறையும் அதன் உறவுகளும் எல்லாம் இப்படித்தான். ஆப், 'அடுத்த துண்டு கொடு, அடுத்த துண்டு கொடு' என்று கேட்டபடி இருக்கும். லைன் மந்தமானால் அடுத்த துண்டை மங்கலான தரத்தில் கேட்கும். கோலியின் முகம் கொஞ்ச நேரம் மெழுகாக இருந்துவிட்டு மறுபடி தெளிவாவது அதனால்தான். வழியில் ஏதாவது தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொசுறு வேண்டியதில்லை.

ஆனால் கேட்டு வாங்குகிறவன் கையிருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூர்வாசிக்கு இதை விளக்கத் தேவையில்லை. காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்று தெரிந்தவன் வாசலுக்குக் கீழே சம்ப் கட்டாமல் வீடு கட்ட மாட்டான். ஆப்பும் அப்படித்தான். மூன்று நாலு துண்டுகள் கைக்கு வந்த பிறகே முதல் துண்டைக் காட்டத் தொடங்கும். ஆறு நொடித் துண்டு மூன்று என்றால் அங்கேயே பதினெட்டு நொடி. ஒரு துண்டு முழுதாகத் தயாராகும்வரை அதை அனுப்ப முடியாது என்பதையும், பல தரச் சமையலையும் சேர்த்தால் அரை நிமிஷம் ஆகிவிடுகிறது. சமைப்பது எங்கள் பக்கமும் உண்டு, சில நொடி அதில் போகும். சம்ப் மட்டும் கிடையாது. ஆக, பையனின் அரை நிமிஷத்தில் பெரும்பங்கு வழியில் தொலையவே இல்லை, அவன் டி.வி.க்குள்ளேயே தேங்கி நிற்கிறது. ஹேசல்வுட்டின் முதல் பந்து அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது. அவனுக்குத்தான் தெரியாது.

அந்தச் சம்பும் வறண்டால்தான் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கும். துண்டுகளைச் சிறிதாக்கி, இருப்பைக் குறைத்து ஐந்து நொடிக்குள் கொண்டுவரும் முறைகள் வந்துவிட்டன. கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஆட்டத்தில் அந்தத் துணிச்சல் சுலபமில்லை. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஆளுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் நொடிக்கு 118 டெராபிட் ஆகிறது. அத்தனை பேருக்கும் தனித்தனிப் பிரதி. செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டர் தள்ளுவது நொடிக்கு 40, 50 மெகாபிட்தான், அதற்குள்ளேயே பல சேனல்கள் அடக்கம். ஆறு பேர் பார்த்தாலும் ஆறு கோடிப் பேர் பார்த்தாலும் அதே 40. இன்டர்நெட்காரர்களும் இதை உணராமல் இல்லை. துண்டுகளைக் கொண்டுவந்து அந்தந்த ஊரிலேயே, இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் கட்டடத்துக்குள்ளேயே சர்வரில் பிரதி எடுத்து வைத்துவிடுகிறார்கள். தொலைவு ஒருமுறை, பங்கீடு பலமுறை.

கேட்டு வாங்குவதில் இன்னொன்றும் இருக்கிறது. எந்த நொடியில் நிறுத்தினாய், எங்கே தாண்டிப் போனாய், எந்தப் படத்தைப் பத்து நிமிஷத்தில் கைவிட்டாய் என்று கொடுப்பவனுக்குத் தெரியும். டி.வி. சேனல்காரர்களோ சில பத்தாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, அதைக் கொண்டு நாட்டையே ஊகிக்க வேண்டும். நள்ளிரவில் பழைய படம் வேண்டுமென்றால் நானும் ஆப்பைத்தான் திறக்கிறேன். கிரிக்கெட்டுக்கு மட்டும் டிஷ். கட்டணக் கணக்கை எழுதவில்லை, அச்சேறுவதற்குள் பேக் விலை மாறிவிடும்.

வானத்துக்காரனுக்கும் ஒரு கிரகணம் உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், பகலில் சில நிமிஷம், பெங்களூரிலிருந்து பார்த்தால் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் அமுங்கி, படம் தடுமாறும். எங்கள் தெருக் கேபிள்காரரும் சேனல்களை வானத்திலிருந்துதான் பிடிக்கிறார் என்பதால் அவருக்கும் அது உண்டு. போன மார்ச்சில் ஒரு மதியம் அவருடைய மொட்டைமாடிக்கு ஏறினேன். கீழே போன் அடித்துக்கொண்டிருந்தது, சீரியல் நின்றுபோன வீடுகள். அவர் எடுக்கவில்லை. பெரிய டிஷ்ஷைக் காட்டினார். அதன் நடுவில் தூக்கி நிறுத்திய கொம்பின் நிழல் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, வெள்ளைக் கிண்ணத்தின் மையத்தில் காசு வைத்த மாதிரி விழுந்திருந்தது. "இது தாண்டினதும் படம் வந்துடும் சார்" என்று, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், நிழலையே பார்த்தபடி நின்றார்.