எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

2004 டிசம்பர் 30. சுனாமி அடித்து நான்கு நாள் கழித்து, இன்னொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. தமிழகக் கடலோரத்தில் மக்கள் பதறி ஓடினார்கள், நிவாரணப் பணிகள் பாதியில் நின்றன. அலை வரவில்லை. ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் நிலநடுக்கக் கணிப்பை நம்பித்தான் அந்த எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. இன்ன நாளில் இன்ன இடத்தில் நிலம் நடுங்கும் என்று சொல்லக்கூடிய அறிவியல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆகவே ஒரு செய்தியை எடைபோட, சொன்னவர் யார் என்று பார்த்தால் மட்டும் போதாது. அவருக்கு அது எப்படித் தெரியும் என்றும் கேட்க வேண்டும்.

கடலோர ஊரான அதிராம்பட்டினத்தில் இந்தக் கேள்வி உயிர் காக்கும். நிலநடுக்கத்தைப் போலன்றி, புயலைச் செயற்கைக்கோளாலும் ரேடாராலும் பின்தொடர முடியும். அதனால்தான் வானிலைத் துறையின் அறிக்கையில் தேதி, மணி, நாகையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், காற்றின் வேகம் எல்லாம் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் வதந்தியிலோ "இன்று இரவு" என்று மட்டும் இருக்கும். தேதி இல்லாததால் அது எந்தப் புயலுக்கும் பொருந்தும். ஏதோ ஒரு நாட்டின் பழைய வீடியோவும் கூடவே வரும்.

வானிலைத் துறையும் தவறுவதில்லையா என்று கேட்கலாம். தவறுவதுண்டு. 2018-இல் கஜா புயல் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கும் என்றுதான் முதலில் சொன்னார்கள். பாதை மாறியதும் அடுத்தடுத்த அறிக்கைகளில் வெளிப்படையாகத் திருத்தினார்கள். நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே புயல் கரை கடப்பதற்குள் 80,000-க்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குப் போயிருந்தார்கள். பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்த புயல் அது. அந்த மக்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். வதந்தியை இப்படித் திருத்துவதற்கு யாரும் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று பகிர்வதால் என்ன கெடுதல் என்பார்கள் சிலர். நான்கு முறை பொய்யாகப் பதறிய ஊர், ஐந்தாம் முறை உண்மையான எச்சரிக்கையையும் அலட்சியம் செய்யும். இப்படியொரு செய்தியை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அக்கறையோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி அவரிடம் வந்தது என்று பொருள். அவருடைய அக்கறை அதற்குச் சான்றாகாது. பகிருமுன் வானிலைத் துறையின் அறிக்கையைப் பாருங்கள், அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-இல் அழைத்துக் கேளுங்கள்.