யசோதையின் பாட்டு

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஜாலராவும் மிருதங்கமும் ஒலிக்கத் தெருவில் பஜனை கோஷ்டி வருவது நேயர்களுக்குப் பழக்கமான காட்சி. கண்ணனைத் தாலாட்டும் பாட்டு வந்துவிட்டால், திண்ணையில் நிற்கும் பாட்டிமார்களும் கூடச் சேர்ந்து பாடுவார்கள். ஆனால் பாடுகிறவர்களும் சரி, கேட்கிறவர்களும் சரி, ஒரு விஷயத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கண்ணனை யசோதை பெறவில்லை, வளர்த்தாள். முருகனுக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். துளசித் தோட்டத்தில் கிடைத்த கோதையை மகளாக வளர்த்தவர் பெரியாழ்வார். வளர்த்தவர்களை இவ்வளவு கொண்டாடும் நாட்டில், குழந்தைகளுக்கு வளர்ப்பு வீடு கிடைப்பது அருமையாக இருக்கிறது!

2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்ற ஏற்பாட்டுக்கு வழி செய்திருக்கிறது. இது ஸ்வீகாரம் அன்று. தாய் தீராத நோயில் விழுந்திருக்கலாம். தகப்பன் சிறையில் இருக்கலாம். அத்தகைய குழந்தையை விடுதியில் விட்டுவைக்காமல், குழந்தைகள் நலக் குழு தகுதியுள்ள ஒரு குடும்பத்தினிடம் சில காலத்துக்கு ஒப்படைக்கிறது. 2024-இல் திருத்திய விதிகளின்படி, 35 முதல் 60 வயது வரையுள்ள தனி நபர்களும் முன்வரலாம். குழந்தையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கும் இடமுண்டு. சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. கதவைத் திறப்பவர்கள்தாம் வேண்டும்.

இதற்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். லண்டன் நகரத்தில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் எறியப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் பொறாமல், பல வருஷம் அலைந்து 1739-இல் அரசரின் சாஸனம் பெற்று ஒரு காப்பகம் அமைத்தார். 1750-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, ஹாண்டெல் என்ற சங்கீத மேதை அங்கே தமது ‘மெஸ்ஸையா’வைப் பாடச் செய்தார். இடம் போதாமல் பலர் திரும்ப நேர்ந்ததால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் நடத்தினார். பிறகு வருஷந்தோறும் அந்தக் கானம் காப்பகத்துக்குப் பொருள் சேர்த்தது.

ஆனால் அந்தச் சிசுக்களுக்கு முதல் ஐந்து வருஷம் மடி கொடுத்தது கட்டடம் அன்று. சொற்பக் கூலிக்கு வளர்த்த கிராமத்துப் பெண்கள். ஐந்து வயதானதும் குழந்தையைக் காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சங்கீதம் பணத்தைக் கேட்டது, மடியைக் கேட்கவில்லை.

நம் பஜனை மடியையும் கேட்கலாம். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் உள்ள குள்ளஞ்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே சாலையில் மேலும் சென்றால் வடலூர். 1867-இல் வள்ளலார் அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி குலம் கேளாமல் பசித்தவருக்குச் சோறிடும் தர்மம் விளங்கும் சீமை இது. இங்கே ஒரு கோஷ்டி வீட்டுக்கு வீடு நின்று தாலாட்டைப் பாடி முடித்து, “இப்படி ஒரு குழந்தை காத்திருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்” என்று இரண்டு வார்த்தை சொன்னால் என்ன? சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்க்காமல் போகலாம். வாசலில் வந்து நிற்கும் பாட்டைக் கேட்காமல் இருக்க முடியாது.

“வளர்த்துவிட்டுப் பிரிய வேண்டுமே!” என்று தாய்மார்கள் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதைப் பாட்டினால் மூடி மறைக்கலாகாது. பிரிவை அறியாமல் குழந்தையை ஏற்று, நடுவில் கைவிட்டால், ஏற்கனவே ஒரு வீட்டை இழந்த குழந்தை இரண்டாவது வீட்டையும் இழக்கும். ஆகையால் கோஷ்டியார் தாலாட்டோடு நிறுத்தக் கூடாது. அக்ரூரர் தேர் கொண்டு வந்ததையும், கண்ணன் மதுரைக்குப் போனதையும் சேர்த்தே பாட வேண்டும்.

பிரிந்ததனால் யசோதை தாயல்லாமற் போய்விடவில்லை. இன்றும் நாம் பாடுவது அவள் பாட்டைத்தானே!