புயல் பிறக்கும் கடல் - 6: ஆடியில் ஏன் புயல் வருவதில்லை?

'கடல் சூடாகிக்கொண்டே போகிறது, இனி புயல்தான்' என்று டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் ஒரே பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேல்மட்டத்து நீர் 26, 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாத கடலில் புயல் உருவாவது அரிது என்று வானிலை அறிஞர் எரிக் பால்மென் 1948-லேயே எழுதிவிட்டார். ஆனால், ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடலைப் பாருங்கள். 28, 29 டிகிரி இருக்கும். ஈரப்பதத்துக்கும் குறைவில்லை. புயலை மட்டும் காணோம்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்றேதான் புயலுக்குப் பகை. கீழே தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு காற்று, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மேற்கு நோக்கிப் பாய்கிறது. இந்த மேலடுக்கு ஜெட் காற்றை 1950-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பி.கோடீஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கே வந்தவர். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

கடலிலிருந்து எழும் நீராவி மேகமாகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் மையத்துக்கு நேர் மேலே சேர்ந்தால்தான் கீழே அழுத்தம் குறையும், காற்று சுழலும். அடுப்பைக் கிழக்கேயும் பானையை மேற்கேயும் இழுத்தால் சோறு எப்படி வேகும்? கீழ்க்காற்றும் மேல்காற்றும் எதிரெதிரே இழுப்பதால் மேகத்திரள் சாய்கிறது, வெப்பம் சிதறுகிறது. பருவமழைக் காலத்தில் வடக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலங்கள் உருவாகத்தான் செய்கின்றன. அவையும் சீக்கிரமே ஒடிசா பக்கம் கரையேறி, மழையைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுகின்றன.

ஐப்பசி பிறக்கும்போது அந்த மேல்காற்று விலகியிருக்கும். கடலின் சூடோ அவ்வளவாகத் தணிந்திருக்காது. போதாக்குறைக்கு கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து சேர்த்த நன்னீர், வடக்கு வங்கக் கடலில் உப்புநீருக்கு மேல் பரவிக் கிடக்கும். பொதுவாக ஒரு புயல் கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே இழுத்துத் தன் வேகத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். இந்த நன்னீர் அடுக்கு அந்தக் கலக்கலைத் தடுத்துவிடுகிறது.

2017 நவம்பர் 29 அன்று இலங்கையை ஒட்டி ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் முற்பகலில் குமரிக் கடலில் அது ஒக்கி புயல். ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்கள் பலருக்குக் கரை திரும்ப அவகாசமே கிடைக்கவில்லை. கடல் ஒரே நாளில் சூடாகிவிடுவதில்லை. வெப்பம் முன்பே அங்கே இருந்தது, மேல்காற்று குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான்.

புவி வெப்பமாவதால் புயல்களின் எண்ணிக்கை கூடிவிடும் என்று ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. சொல்லவில்லை. வருகிற புயல்களில் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்கிறது. கரையோரத்தில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

அரபிக் கடலில் 2019-ல் மட்டும் ஐந்து புயல்கள். அமைதியான கடல் என்று பெயரெடுத்த அதற்கு என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.