லாக்ஸ்டன்

லாக்ஸ்டன் என்பது இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் கவுண்டியில், நியூவார்க் அண்ட் ஷெர்வுட் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர் ஆகும். இடைக்காலத் திறந்தவெளி வேளாண்மை முறையும், அதை நிருவகிக்கும் நிலமானிய மன்றமும் இன்றும் சேர்ந்து இயங்குவதால் இவ்வூர் புகழ்பெற்றது.

வரலாறு

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. டோச்சி என்பவரிடம் இருந்த இந்நிலம் நார்மானியப் படையெடுப்புக்குப் பின் ஜெஃப்ரி அல்செலின் என்பவருக்குச் சென்றது. ஊரின் வடபுறத்தில் நார்மானியர் கட்டிய கோட்டையின் மண்மேடு இன்றும் உள்ளது. 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலவரைபடம் ஒவ்வொரு நிலக்கீற்றையும், அதை வைத்திருந்தவரையும் காட்டுகிறது.

திறந்தவெளி வேளாண்மை

தெற்கு வயல், மேற்கு வயல், மில் வயல் என மூன்று பெருவயல்கள் உள்ளன. இவற்றின் உள்ளே வேலிகள் இல்லை. ஒவ்வொரு உழவரின் நிலமும் ஒரே இடத்தில் இல்லாமல், மூன்று வயல்களிலும் கீற்றுகளாகச் சிதறியுள்ளது. இதனால் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் பங்காகக் கிடைத்தன. ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் தரிசு அல்லது தீவனம் என மூன்றாண்டுச் சுழற்சி நடைபெறுகிறது. உழ இயலாத தாழ்வான புல்நிலங்கள் 'சைக்' எனப்படுகின்றன. உழப்படாததால் இவற்றில் காட்டுப்பூக்கள் செழித்துள்ளன. உழவர் வீடுகள் வயல்களில் தனித்தனியே இல்லாமல் ஊர்த் தெருவை ஒட்டியே அமைந்துள்ளன.

நிலமானிய மன்றம்

வேலியில்லாத வயலில் பக்கத்து நிலத்துக்குள் ஓர் உழவுச்சால் அதிகம் ஓட்டுவது எளிது. அதைத் தடுப்பதே 'கோர்ட் லீட்' எனப்படும் மன்றத்தின் முதன்மைப் பணி. நவம்பர் இறுதியில், உழவர்களிலிருந்து அமைக்கப்பட்ட நடுவர் குழு, அவ்வாண்டு கோதுமை விதைக்கப்பட்ட வயலைச் சுற்றிப் பார்க்கும். எல்லைக்கு முளைகள் அடிக்கும். பொதுப்பாதையையோ புல்நிலத்தையோ உழுதவரின் பெயரைக் குறித்துக்கொள்ளும். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின் ஊரிலுள்ள டவ்கோட் விடுதியில் மன்றம் கூடி, தவறியவருக்கு அபராதம் விதிக்கும். குழுவில் இருப்பவரும் அபராதத்துக்கு உட்பட்டவரே. தொகை சிறிதாயினும், அக்கம்பக்கத்தார் முன்னிலையில் குற்றம் கூறப்படுவதே இதன் வலிமை.

1977ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய மன்றங்களின் சட்ட அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஊர்மன்றம்

நிலத்தைச் சாராத பொதுக் காரியங்களை லாக்ஸ்டன் அண்ட் மூர்ஹவுஸ் பாரிஷ் கவுன்சில் கவனிக்கிறது. பாரிஷ் கவுன்சில்கள் 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் உருவானவை. அச்சட்டம் சிற்றூரின் குடிமை அலுவல்களைத் தேவாலயத்திடமிருந்து பிரித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது. இவ்வாறு இங்கு இருவகை ஆட்சிகள் அருகருகே உள்ளன: ஒன்று வாக்காளருக்கானது, மற்றொன்று வயலில் பங்குள்ளவருக்கானது.

தப்பிப் பிழைத்தது எவ்வாறு

1604 முதல் 1914 வரை பிரித்தானிய நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றி, ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தனித்தனி உடைமைகளாக மாற்றியது. லாக்ஸ்டனில் நிலம் ஒன்றுக்கு மேற்பட்ட பெருநிலக்கிழாரிடம் பிரிந்து கிடந்ததும், முழு வேலியடைப்புக்கு அவர்களிடையே இணக்கம் ஏற்படாததும் திறந்தவெளி நிலைக்கக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் இணைக்கப்பட்டு எண்ணிக்கை குறைந்தது. ஆயினும் முறை கைவிடப்படவில்லை.

1952இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம் இந்நிலங்களை வாங்கியது. 1981இல் இவை கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் தோர்ஸ்பி செட்டில்மென்ட்டுக்கும் கைமாறின. உரிமையாளர் மாறினாலும், கீற்றுகளில் பயிரிட உழவர்கள் முன்வரும்வரை மட்டுமே இம்மன்றத்துக்கு வேலை இருக்கும். பெரிய இயந்திரங்களுக்குச் சிதறிய நிலம் வசதியானதன்று என்பதால், லாக்ஸ்டனின் எதிர்காலம் அதன் உழவர்களின் விருப்பத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.