ஜெர்சித் தீவின் ராஜ கிழங்கு

ஜெர்சி பசுவைத் தெரியாதவர் இல்லை. அந்தப் பசு பிறந்த தீவிலேதான் ஓர் உருளைக்கிழங்கும் பிறந்தது. பெயர் "ஜெர்சி ராயல்". இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, பிரெஞ்சுக் கரைக்கு அருகே கிடக்கும் அத்தீவின் பரப்பு சுமார் 118 சதுர கிலோமீட்டர்தான்.

15 கண்கள்

1880-ம் ஆண்டு வாக்கில் ஹ்யூ டி லா ஹே என்ற விவசாயிக்கு ஒரு பெரிய கிழங்கு கிடைத்தது. அதில் 15 கண்கள் இருந்ததாகச் சொல்வார்கள். வெட்டி, சரிவு நிலத்தில் நட்டார். ஒரு செடியில் மட்டும் சிறுநீரக வடிவில் கிழங்குகள்! முந்தி விளைந்தன, ருசியும் அதிகம். அந்த விதையே தீவெங்கும் பரவியது.

கடற்பாசி உரம்

விதைக்கிழங்கைப் பெட்டிகளில் அடுக்கி முளைக்க விடுகிறார்கள். ஜனவரியில் நடவு தொடங்கும். குளிருக்குப் பாலிதீன் விரிப்பு, உரத்துக்குக் கடற்பாசி. தெற்கு நோக்கிய சரிவு நிலங்களுக்குக் "கோட்டில்" என்று பெயர். வெயில் நன்றாக விழுவதால் அங்கே பயிர் முந்தும். ஆனால் செங்குத்தான சரிவில் டிராக்டர் ஏறாது. கையால்தான் நட வேண்டும். கையால்தான் பொறுக்க வேண்டும்.

முந்தினால் காசு

பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் எனக்கு இந்த வியாபாரம் எளிதில் புரிகிறது. முதலில் வரும் மாம்பழக் கூடையின் விலை, சீசன் நடுவில் இருக்காது. அதே கதைதான். இங்கிலாந்தின் சொந்தக் கிழங்கு சந்தைக்கு வந்ததும் ஜெர்சி கிழங்கின் விலை இறங்கும். தோலோ மெல்லியது, விரலால் தேய்த்தாலே உரியும். நாளாக ஆக ருசி குறையும். கப்பல் தவறினால் நஷ்டம்.

1891-ல் 60,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியானது. கப்பலில் சவுதாம்டன், வேமவுத் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறியது. 1996-ல் ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. ஜெர்சியில் விளைந்தால்தான் அந்தப் பெயர்.

வெளியூர்க் கைகள்

தோண்டியவர்கள் யார்? முன்பு பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து வந்தார்கள். பிறகு போர்ச்சுகலின் மதைரா தீவிலிருந்து. அதன் பிறகு போலந்திலிருந்து. சீசன் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். உழைக்கும் கை அருகி, கூலியும் கூடியதால், பல கோட்டில்கள் இன்று புதர் மண்டிக் கிடக்கின்றன.

மூட்டையில் தீவின் பெயர் இருக்கிறது. தோண்டியவன் பெயர் இல்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருந்து மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு, அந்த வாழ்க்கையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.